சேதனம் என்றொரு சொல்

ராசம்மா நீட்டிய போத்தலை வாங்கி, இசபெல் வழக்கம்போல அதை மூக்கருகே கொண்டுபோனாள். சவுக்குத் தோட்டம் என்ற தேயிலைத் தோட்டத்தின் மருந்துசாலைக்கு இருமல் தண்ணி வாங்க வருகிறவர்கள் போத்தலைத் தாங்களேதான் கொண்டுவர வேண்டும். மண்ணெண்ணெய் இருந்தது, சாராயம் இருந்தது, தலைக்கு வைக்கும் எண்ணெய் இருந்தது என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் கொண்டுவருவார்கள். வாசம் போகாததை இசபெல் திருப்பிக் கொடுத்துவிடுவாள். இந்தப் போத்தலில் வெள்ளைப்பூண்டு வாசம் அடித்தது.

"பூண்டு ஊறுகா போட்டு வச்சிருந்தீங்களாக்கா?"

"இல்லீங்க நர்ஸம்மா. புதுப் போத்தலுங்க. ரெண்டு தடவ சாம்பல் போட்டுக் கழுவினேன். வாசம் போவ மாட்டேங்குது."

இசபெல் போத்தலை ஜன்னல் பக்கம் திருப்பினாள். பழுப்புக் கண்ணாடி. கழுவிய கழுவலில் ஒட்டியிருந்த தாள் பாதி உரிந்து போயிருந்தது. மீதியில் மூன்று ஆங்கிலச் சொற்கள் தெரிந்தன. மேலே பெரிய எழுத்தில் ஓர்கானிக் பொஸ்பரஸ். அதற்குக் கீழே, கவனித்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற பொடி எழுத்தில், எஸ்டர்.

அவள் போத்தலை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"இது எங்கருந்து வந்துச்சு?"

"மலையில குடுத்தாங்க. ஏழாம் நம்பர்ல நேத்துலருந்து புது உரம் அடிக்கிறாங்கல்ல, அந்தப் போத்தலு. எங்க வீட்டுக்காரரு அந்தக் கூட்டத்துலதான் நிக்கிறாரு. காலியானத எல்லாம் ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டாங்க. எண்ணெ ஊத்தி வைக்க நல்லாருக்குன்னு."

"உரம்னு யார் சொன்னா?"

"கண்டாக்கையாதாங்க. காலையில பேர் படிக்கிற பெரட்டுல எல்லாருக்கும் கேக்கச் சொன்னாரு. எலும்புத் தூளத்தான் சத்துத் தண்ணியாக் காச்சி அனுப்பியிருக்காங்களாம். செடிக்கும் நல்லது, செம்பூச்சியும் செத்துப் போயிடுமாம்."

இசபெல் இதே தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான ஆறாம் லயத்தில் பிறந்தவள். அப்பா பத்திநாதன் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளியவர். ஹற்றனில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்து, கொழும்பில் இரண்டு வருடம் தங்கி, மருந்தாளர் பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் பண்ணிவிட்டு, 1959இல் பிறந்த தோட்டத்துக்கே வேலைக்கு வந்தாள். நர்ஸ் இல்லைதான், ஆனால் வெள்ளைச் சேலை கட்டியவர்கள் எல்லாம் தோட்டத்துக்கு நர்ஸம்மாதான். பெரிய டாக்டர் ஐயா மூன்று தோட்டங்களுக்குப் பொது. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் இங்கே வருவார். மற்ற நாட்களில் மருந்துசாலை இசபெலின் கையில். தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லவும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் அவள் ஒருநாளும் தயங்கியதில்லை.

இது அவளுக்குத் தெரிந்த விஷயம். அந்த மூன்றாவது சொல் இல்லாமல் முதல் இரண்டும் எதுவாகவும் இருக்கலாம். மூன்றும் சேர்ந்தால் அது எலும்புத் தூள் இல்லை. அந்த வகைச் சேர்வைகள் நரம்பை என்ன செய்யும், அதற்கு மாற்று எது என்று பரீட்சைக்கு அவள் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள்.

"அவரு எப்படி இருக்காரு? வீரய்யாண்ணே?"

"நேத்து அந்திக்கு வந்ததும் வாந்தி எடுத்தாருங்க. கசிப்பு குடிச்சிட்டு வந்திருக்கன்னு ஏசிப்புட்டேன். காலையில எந்திரிச்சுப் போயிட்டாரு."

"அக்கா, இருமல் தண்ணி அப்புறம் தர்றேன். இப்ப ஒரு வேல செய்யணும். கொழுந்துக் கூடையை எடுத்துக்கிட்டு லயத்துக்குப் போங்க. இந்த மாதிரிப் போத்தல் எத்தன வீட்டுல இருக்கோ அத்தனையும் வாங்கிட்டு வாங்க. உள்ள என்னா ஊத்தியிருந்தாலும் அதோடயே வாங்கிட்டு வாங்க. துணியச் சுத்திப் பிடிங்க. போறதுக்கு முன்னாடி கைய நல்லாச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்க."

"எதுக்குங்க?"

"விஷம்க்கா."

ராசம்மா அவள் முகத்தை ஒருமுறை பார்த்தாள். கை கழுவப் போனாள்.

ஏழாம் நம்பர் மலை மருந்துசாலையிலிருந்து அரை மணி நேர ஏற்றம். இசபெல் அதைக் கால் மணியில் ஏறினாள். மாசி மாதப் பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. செடிகள் எல்லாம் செம்பூச்சி தின்று துரு ஏறிய தகரம் போல இருந்தன. வழக்கமாக இதற்குக் கந்தகத் தூள்தான் தூவுவார்கள். இந்த வருடம் கந்தகத்துக்கு மசியவில்லை என்றுதான் தோட்டத்தை நடத்தும் பெரிய தொரை புது மருந்துக்கு எழுதியிருந்தார்.

ரோட்டோரத்தில் ஒரு தண்ணீர்ப் பீப்பாய். ஆறு பேர் முதுகில் பம்பு சுமந்து நின்றார்கள். பீப்பாய்க்குப் பக்கத்தில் வீரய்யா, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, வெறுங்கையாலேயே கலக்கிக்கொண்டிருந்தான். கண்டாக்கு முத்துலிங்கம் தொப்பியும் காக்கிக் கால்சட்டையுமாகக் கைத்தடியை ஊன்றி நின்றார். பதினைந்து வருடமாக இந்தத் தோட்டத்து மலைகளை மேற்பார்வை செய்கிறவர். ஆங்கிலம் வாசிக்கத் தெரியும் என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்கு அவர் கஷ்டப்பட்டிருந்தார். தபாலில் பாடம் வரவழைத்துத் தானாகப் படித்தது.

"என்னா நர்ஸம்மா, மலைக்கே வந்துட்டீங்க?"

"கண்டாக்கையா, இத நிப்பாட்டுங்க. இது உரம் இல்ல. விஷம்."

"யார் சொன்னது?"

"போத்தல்லயே எழுதியிருக்கு."

"நானும் வாசிச்சேன்." அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். உரம் பற்றிச் சர்க்கார் போன வருடம் தமிழில் அச்சடித்து அனுப்பிய துண்டுப் பிரசுரம். "இதப் பாருங்க. ஓர்கானிக்னா தமிழ்ல சேதனம். சேதனப் பசளைன்னா சாணி, எலகொழ, எலும்புத் தூளு. போட்டிருக்கா இல்லையா? எலும்புத் தூள்ல இருக்கிறது பொஸ்பரஸ். அப்ப ஓர்கானிக் பொஸ்பரஸ்னா என்னா? பதினஞ்சு வருஷமா கையாலதான் அள்ளிப் போடுறோம்."

அவர் சொன்னதில் ஒரு ஒழுங்கு இருந்தது. அதுதான் இசபெலுக்குக் கவலையாக இருந்தது. முட்டாள்தனமாகப் பேசுகிறவரை மடக்கிவிடலாம். இவர் சரியான தாளைக் கையில் வைத்துக்கொண்டு தவறான இடத்தில் நின்றார்.

"உரத்தப் பத்திப் பேசுறப்ப அந்தத் தாள்ல இருக்கிறது சரிங்க. உரக்காரங்களுக்கு ஓர்கானிக்னா உயிரா இருந்து மக்கினது. இரசாயனம் படிச்சவங்களுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேற. கரி கூடிச் செஞ்ச சேர்வை எல்லாமே அவங்களுக்கு ஓர்கானிக்தான். முன்னாடி அதெல்லாம் உயிர்லருந்துதான் வரும்னு நெனச்சு அப்படிப் பேரு வச்சாங்க. பொறகு கண்ணாடிக் குழாய்க்குள்ளயே செய்யப் பழகிட்டாங்க. பேர மட்டும் மாத்தல. மண்ணெண்ணெயும் ஓர்கானிக்தான் கண்டாக்கையா. நல்லதுன்னு குடிப்பீங்களா?"

பம்பு சுமந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். முத்துலிங்கத்தின் முகம் இறுகிவிட்டது. அந்தக் கடைசி வாக்கியத்தை ஆட்கள் இல்லாத இடத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்று இசபெலுக்கு உடனேயே பட்டது.

"தொர உத்தரவு நர்ஸம்மா. இன்னும் அரை ஏக்கர்தான் பாக்கி. முடிச்சிட்டு ஆபிஸ்ல பேசிக்கலாம்."

அவள் பீப்பாயிடம் போனாள்.

"வீரய்யாண்ணே, கைய வெளிய எடுங்க. என்னயப் பாருங்க."

அவன் நிமிர்ந்தான். அந்தக் குளிரில் அவன் நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது. வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கும் நினைப்புகூட அவனுக்கு இல்லை.

"தலைய யாரோ கயிறு போட்டு இறுக்குற மாதிரி இருக்குங்க. கண்ணுக்கு முன்னால பொகையா இருக்கு."

"அது பனி இல்ல, விஷம். கண்ணத் தொறங்க."

பனிமூட்டத்தில் வெளிச்சம் குறைவு. அந்த வெளிச்சத்தில் யாருடைய கண்ணின் கருமணியும் நன்றாக விரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற அழகனை இழுத்து அவன் கண்ணைப் பார்த்தாள். விரிந்திருந்தது. மறுபடி வீரய்யாவைப் பார்த்தாள். கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

"கண்டாக்கையா, நீங்களே வந்து ரெண்டு பேரு கண்ணையும் பாருங்க."

முத்துலிங்கம் வந்தார். குனிந்து பார்த்தார். அவர் ஏதும் சொல்வதற்குள் வீரய்யா பீப்பாயைப் பிடித்தபடியே முழங்காலில் சரிந்து, வாந்தி எடுத்து, பக்கவாட்டில் விழுந்தான். அவன் தோள் சதை துணிக்குள் புழு நெளிவது போலத் துடித்தது.

"எல்லாரும் பம்ப எறக்குங்க," என்றாள் இசபெல். குரலை உயர்த்தவில்லை, ஆனால் ஆறு பேரும் இறக்கினார்கள். "சட்டையக் கழட்டிப் போடுங்க. ஓடையில தல முழுகுங்க. அப்புறம் எல்லாரும் மருந்துசாலைக்கு வரணும், ஒருத்தரும் வீட்டுக்குப் போகப்படாது. கண்டாக்கையா, வெறுங்கையால அவரத் தொடாதீங்க. படங்கப் போட்டுத் தூக்குங்க."

இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் வீரய்யாவைக் கிடத்தி, ஒரு முனையை அழகனும் மறுமுனையை முத்துலிங்கமும் பிடித்தார்கள். கண்டாக்கு ஒரு தொழிலாளியைச் சுமந்துகொண்டு மலை இறங்கியதை அன்றைக்குக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். அவருடைய தொப்பி வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

மருந்துசாலைப் பெஞ்சில் போட்டு, துணிகளைக் கழற்றி, தலையிலிருந்து கால்வரை சவர்க்காரத் தண்ணீரால் கழுவினார்கள். வீரய்யாவின் நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போலச் சத்தம் கேட்டது. இசபெல் அலமாரியைத் திறந்தாள். அத்ரோப்பின் ஊசி மருந்து எட்டுக் குப்பி இருந்தது. வயிற்று இழுப்புக்கு என்று வைத்திருப்பது, ஆனால் இந்த விஷத்துக்கும் மாற்று அதுதான். ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு ஒரு குப்பிதான் கணக்கு என்று அலமாரிக் கதவில் டாக்டர் ஐயா தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார்.

அவள் மூன்றை உடைத்து ஒரே ஊசியில் ஏற்றினாள். விஷம் இவ்வளவு இருக்கிறபோது ஒரு குப்பி போதாது என்று அவள் படித்திருந்தாள். படித்தது சரி என்றும் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஊசியைக் குத்துமுன் ஒரு கணம் அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு குத்தினாள்.

சேதி கேட்டு ஆபிஸிலிருந்து பெரிய கிளாக்கர் ஆள் அனுப்பியிருந்தார். நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் எடுத்தாகிவிட்டதாம். "உரத்தத் தின்னுட்டான்னு கிளாக்கரையா சொன்னாருங்க. அங்க டாக்டரு உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கச் சொல்றாருங்க."

"டெலிபோன வச்சிட்டாங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"கண்டாக்கையா, நாடியப் பிடிச்சுக்கிட்டே இருங்க. எண்ணிக்கிட்டே இருங்க. நான் வர்ற வரைக்கும் விடப்படாது."

அவள் ஆபிஸுக்கு ஓடினாள். கிளாக்கர் கையிலிருந்து டெலிபோனை வாங்கினாள். மறுமுனையில் இருந்த டாக்டரிடம் ஆங்கிலத்தில் அந்த மூன்று சொற்களையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஓர்கானிக். பொஸ்பரஸ். எஸ்டர். கடைசிச் சொல்லை எழுத்துக்கூட்டியும் சொன்னாள்.

டாக்டரின் குரல் மாறியது. கருமணி எப்படி இருக்கிறது என்று கேட்டார். எத்தனை குப்பி கொடுத்தாய் என்று கேட்டார். மூன்று என்றாள். "நல்லது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா இன்னும் குடு. வாய் காயுற வரைக்கும் குடு, பயப்படாத," என்றார். அம்புலன்ஸ் மருந்தோடு உடனே புறப்படும், ஆனால் வந்து சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும்.

மீதி ஐந்து குப்பி அரை மணி நேரத்துக்குக்கூடக் காணாது. திரும்பி வந்தபோது முத்துலிங்கம் சொன்னபடியே நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"உங்க மோட்டார் சைக்கிள் ஓடுமா?"

"ஓடும்."

"பக்கத்துத் தோட்டங்கள்ல மருந்துசாலை மூணு இருக்கு. எல்லாத்துலயும் இத வாங்கிட்டு வாங்க. இருக்கிற அத்தனையும்." அவள் ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதினாள். முத்துலிங்கம் அதை வாங்கி அங்கேயே நின்று வாசித்தார். மருந்தின் பெயர், அதன் அளவு, கீழே பொடியாக எழுதியிருந்த வரி, எல்லாவற்றையும் சத்தமாக, ஒரு எழுத்தும் விடாமல் வாசித்தார்.

"சரியா நர்ஸம்மா?"

"சரிங்க."

"இன்னொரு தடவ வாசிக்கிறேன்."

வாசித்துவிட்டுத்தான் போனார்.

அவர் போன கையோடு ராசம்மா கூடையோடு வந்தாள். "அஞ்சு போத்தலுங்க. அம்மாக்கண்ணு ஒண்ணுல தேங்கா எண்ணெ ஊத்தி வச்சிருந்தா. தலையில தேக்க எடுத்தா, கையிலருந்து பிடுங்கிட்டு வந்தேன்." அதைச் சொல்லி முடித்த பிறகுதான் பெஞ்சில் கிடப்பது யார் என்று பார்த்தாள். கூடையை மெதுவாகக் கீழே வைத்தாள். உடைந்துவிடக் கூடாது என்ற கவனம் அப்போதும் இருந்தது.

"நான் ஏசினேங்க. குடிச்சிட்டு வந்துட்டான்னு."

"அவரு குடிக்கலக்கா. கையால கலக்கியிருக்காரு, தோல் வழியா உள்ள போயிருச்சு. இங்க வாங்க, தலமாட்டுல நின்னு பேசுங்க. காது கேக்கும்."

நாலாவது குப்பி, ஐந்தாவது, ஆறாவது. கழுவிவிட்டு வந்த மற்ற ஆறு பேரையும் வரிசையாக உட்காரவைத்துக் கண் பார்த்தாள். இரண்டு பேருக்குக் கருமணி சுருங்கத் தொடங்கியிருந்தது. ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். அலமாரி காலியானது. வெளியே மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறதா என்று எல்லோரும் காது கொடுத்தார்கள். கேட்டது. முத்துலிங்கம் இரண்டு சட்டைப்பையும் நிறையக் குப்பிகளோடு உள்ளே வந்தார். மூன்று தோட்டத்திலும் வாங்கியது பதினேழு.

பதினோராவது குப்பிக்குப் பிறகு வீரய்யாவின் நெஞ்சுச் சத்தம் குறைந்தது. கண்ணின் கருமணி மெல்ல அகன்றது. உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு அவன் ஏதோ முனகினான். ராசம்மா குனிந்து கேட்டாள்.

"வாய் காயுதாம். தண்ணி வேணுமாம்."

இசபெல் சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்தத் தாகத்துக்காகத்தான் அவள் ஒரு மணி நேரமாகக் காத்திருந்தாள். "ஒரு மொடக்குக் குடுங்கக்கா," என்றாள்.

அம்புலன்ஸ் வந்து மூன்று பேரையும் நுவரெலியாவுக்கு ஏற்றிப்போனது. மற்ற இருவரும் மூன்றாம் நாள் திரும்பினார்கள். வீரய்யா ஒன்பதாம் நாள் வந்தான். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால் வலது கை நடுங்கியது. அது நிற்க இரண்டு மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார்.

இதற்கிடையில் பெரிய தொரை ஒரு விசாரணைத் தாளை அனுப்பினார். காரணம் என்ற இடத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று ஏற்கெனவே தட்டச்சு ஆகியிருந்தது. இசபெல் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் சிவப்புப் பென்சில் கோடு. அவள் போடவில்லை. தனித்தாளில் தானே எழுதினாள். ஒரு சொல் இரண்டு தொழிலில் இரண்டு பொருளில் வழங்குகிறது, உரத்தின் பொருளை வைத்து விஷத்தை வாசித்ததுதான் காரணம், ஆட்கள் சொன்னபடிதான் செய்தார்கள் என்று. தொரையிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை வாசித்தார். அவருக்கும் அந்தச் சொல்லின் இரசாயனப் பொருள் தெரிந்திருக்கவில்லை என்பதை அவர் முகம் சொன்னது. பழைய தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

அன்று பின்நேரம் முத்துலிங்கம் மருந்துசாலைக்கு வந்தார். வரிசை கலையும் வரை வெளியே நின்றார்.

"என் பேர எழுதியிருக்கீங்களா நர்ஸம்மா?"

"பேரு எழுதல. பெரட்டுல என்னா சொல்லப்பட்டுச்சுன்னு எழுதியிருக்கேன். யார் சொன்னதுன்னு தொர கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேங்க."

"கேட்டாரு. என்னயக் கூப்புட்டே கேட்டாரு. நான்தான்னு சொல்லிட்டேன்." அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். வீரய்யா கிடந்த அதே பெஞ்சு. "எச்சரிக்கைக் கடுதாசி குடுத்திருக்காரு. அது போவட்டும். எனக்கு அந்த வார்த்தைய ஒழுங்காச் சொல்லிக் குடுங்க. ஆளுகளுக்கு நான் திரும்பச் சொல்லணும். தமிழ்ல சேதனம்னுதான் போடணுமா?"

"அப்படித்தான் புஸ்தகத்துல போடுறாங்க."

"சனங்க அதச் சேதம்னு வாசிப்பாங்க. அழுகிப் போறது, கெட்டுப் போறதுன்னு."

"வாசிப்பாங்க."

"ஒருவகையில நல்லதுதானே? பயப்படுவாங்கல்ல."

இசபெல் யோசித்தாள். "இல்லீங்க. அப்ப நாளைக்குச் சேதனப் பசளைன்னு சொன்னா மாட்டுச் சாணியப் பாத்தும் பயப்படுவாங்க. ரெண்டு மாசத்துல பயம் போயிரும், மறுபடி கையாலதான் கலக்குவாங்க. அர்த்தத்தச் சொல்லிருவோம். அவங்களுக்கு வெளங்கும்."

"வெளங்குமா?"

"ஒங்களுக்கு வெளங்குச்சுல்ல?"

அவர் சிரித்தார். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு இசபெல் அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் நூற்றைம்பது பேர் கூடினார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். வழக்கமாகக் கண்டாக்கு பேர் படித்து மலை பிரித்து விடுகிற இடத்தில் ஒரு மேசை. மேசையில் குப்பி விளக்கு ஒன்று எரிந்தது. இசபெல் ஒரு பழைய கரண்டியில் சீனி போட்டு விளக்கின் மேலே பிடித்தாள். சீனி உருகியது, மஞ்சளானது, நுரைத்தது, கடைசியில் கட்டிக் கரியாகிப் போனது. அதைத் தூக்கிக் காட்டினாள்.

"சீனிக்குள்ள கரி எங்கருந்து வந்துச்சு?"

"வெளக்குப் பொகைங்க," என்றான் அழகன்.

"சரி, இப்பப் பாருங்க." இன்னொரு கரண்டியில் உப்பைப் போட்டு அதே விளக்கில் அதே நேரம் பிடித்தாள். படபடவென்று வெடித்ததே தவிர உப்பு வெள்ளையாகவே இருந்தது. பிறகு அரிசி மாவைப் பிடித்தாள், கறுத்தது. ஒரு தேயிலையைப் பிடித்தாள், கறுத்தது.

"கரி இதுகளுக்கு உள்ளயே இருக்கு. இப்படிக் கரி கூடினதுகளுக்குப் படிச்சவங்க வச்ச பேருதான் ஓர்கானிக். தமிழ்ல சேதனம். சேதம் இல்ல, சேதனம். உப்பு அதுல சேராது. சீனி சேரும், அரிசி சேரும், சாராயம் சேரும், அன்னைக்கு வீரய்யாண்ணே கலக்குன விஷமும் சேரும்."

முன்வரிசையில் நின்ற பேச்சியம்மா, அறுபது பேருக்குக் கொழுந்து நிறுப்பதை மேற்பார்வை பார்க்கிறவள், கையைத் தூக்கினாள். "அப்ப சேதனம்னா நல்லதா கெட்டதா நர்ஸம்மா? ஒண்ணச் சொல்லுங்க."

"ரெண்டும் இல்லீங்க. ஒருத்தர இன்ன தோட்டத்து ஆளுன்னு சொன்னா அவரு நல்லவரா கெட்டவரான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. பேரக் கேக்கணும். யாரு மகன்னு கேக்கணும்."

"அதேதாங்க. சேதனம்னு மட்டும் சொல்லி யாராவது ஒண்ணக் கையில குடுத்தா, முழுப் பேரையும் கேளுங்க. அவங்களுக்குத் தெரியாட்டி வாங்காதீங்க. என்கிட்ட கொண்டாங்க."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. முழுப் பேர், முழுப் பேர் என்று ஆளுக்கு ஆள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். அப்போது முத்துலிங்கம் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். புதுத் தொப்பி ஒன்று வாங்கியிருந்தார். அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி இதே எடத்துல நின்னு எலும்புத் தூள் சத்துன்னு சொன்னேன். அது பிழை. அந்த வார்த்தை எனக்குத் தெரியும்னு நெனச்சேன், பாதிதான் தெரிஞ்சிருந்துச்சு. கீழ இருந்த எழுத்த வாசிக்காம விட்டேன். வீரய்யா, நீ செய்யச் சொன்னதச் செஞ்ச. ஓம் மேல ஒரு குத்தமும் இல்ல. தொரகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

பெரட்டுக் களத்தில் ஒரு கண்டாக்கு தன் பிழையைச் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. வீரய்யா தன் நடுங்கும் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, "சரிங்கையா," என்றான். ராசம்மா கம்பளியின் முனையால் முகத்தைத் துடைத்தாள்.

இசபெல் விளக்கை ஊதி அணைத்து, கரண்டிகளைத் துணியில் சுற்றினாள். மருந்துசாலை வாசலில் அந்நேரமே ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

"கண்டாக்கையா," என்றாள் பேச்சியம்மா, "நேரமாவுது. இன்னைக்கு எங்களுக்கு எந்த மலைங்க?"

முத்துலிங்கம் தொப்பியைப் போட்டுக்கொண்டு பேர்ப் புத்தகத்தைத் திறந்தார்.